பின்படியில் இரண்டு பென்சில் கோடுகள்

நாள்: 17 நவம்பர் 2019, ஞாயிற்றுக்கிழமை
நேரம்: மாலை 4 மணி 10 நிமிடம்
இடம்: முதியோர் இல்ல உணவுக்கூடம்

நிகழ்ச்சி நிரல் எண் 3: மறைந்த தச்சர், ‘கைப்பிடியார்’ அவர்களுக்கு இல்ல நிர்வாகியின் இரங்கல் உரை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் அவர்களே! கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையார் அவர்களே! தந்தையின் கருவிப்பையை மடியிலிருந்து இறக்காமல் வைத்திருக்கும் மகளே! இந்த இல்லத்தில் வாழும் பெரியோர்களே! இந்த இல்லத்தை விட்டுப் போய், இன்று அவருக்காக மட்டுமே இதன் வாசலைத் திரும்ப மிதித்திருக்கும் பெரியோர்களே! அனைவருக்கும் வணக்கம்.

மறைந்தவரைப் புகழ வேண்டிய இடம் இது. புகழத்தான் வந்திருக்கிறேன். ஆனால், மனத்தில் ஒன்றை மறைத்துக்கொண்டு புகழ்வது எனக்கு வராது. 2008 ஜூன் 9, திங்கட்கிழமை முதல் அவர் மறைந்த இம்மாதம் 5, செவ்வாய்க்கிழமை வரை, அதாவது பதினொரு ஆண்டு, நான்கு மாதம், இருபத்தேழு நாள், இந்த மனிதர்மீது நான் பொறாமைப்பட்டேன். ஏன் படமாட்டேன்? கேளுங்கள்!

முதல் நாள் நான் அவரை அழைத்தது ஒன்பதாம் அறையின் கட்டிலுக்கு ஒரு கால் மாற்றுவதற்காக. அந்த அறையில் ஓய்வுபெற்ற தட்டச்சர் அம்மையார் இருந்தார். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தால், கட்டில் மூன்று காலோடு கிடக்கிறது. இவர் குளியலறையில் நின்று, துண்டு போடும் கம்பியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்!

“உங்களைக் கூப்பிட்டது கட்டில் காலுக்குங்க,” என்றேன்.

“கட்டில் கால் எங்கயும் போகாதுங்க ஐயா. இந்தம்மா கால் வழுக்குது. துண்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கிறாங்க, அது சுவத்துல பல்லு ஆடுற மாதிரி ஆடுது.”

அன்று அங்கே ஒரு மரக் கைப்பிடி ஏறியது. அம்மையார் அதைப் பிடித்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டார்: “இதே மாதிரி என் வீட்டுலயும் போட்டுத் தருவீங்களா?”

2008 அக்டோபர் 13 அன்று ஒன்பதாம் அறை காலியானது.

அவரையும் சேர்த்து, என் பட்டியலில் பதினொரு பேர்! நிலைப்படியைச் செதுக்கித் தரையோடு தரையாக்கினார். கதவை வெளிப்பக்கம் திறக்குமாறு மாற்றினார். படுக்கையை மாடியிலிருந்து கீழ் அறைக்கு இறக்கினார். ஒவ்வொருவராக என் இல்லத்திலிருந்து தம் வீட்டுக்குப் போனார்கள். போகும்போது எனக்கு நன்றி சொன்னார்கள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றா? இருபத்தெட்டு ஆண்டுகள் நான் வேளை தவறாமல் மருந்தும் உணவும் தந்தேன். இங்கே யாராவது, “நிர்வாகி வரலையா?” என்று வாசலைப் பார்த்து ஏங்கியதுண்டா? “கைப்பிடியார் வரலையா?” என்று கேட்காத நாள் உண்டா?

அவர் அளவெடுக்கும் முறையைச் சொல்ல வேண்டும். “உங்களுக்கு வயசாயிடுச்சு, கையை நீட்டுங்க” என்று அவர் யாரையும் நிறுத்தி அளந்ததில்லை. ஜன்னலை அளப்பார், அலமாரியை அளப்பார். “இந்த முனையக் கொஞ்சம் பிடிங்க” என்று அளவு நாடாவைத் தருவார். பிடித்தவரின் கை எந்த உயரத்தில் இயல்பாகத் தொங்குகிறதோ, அதுதான் கைப்பிடியின் உயரம். ஒத்தாசை செய்ததாக அவர்கள் நினைப்பார்கள். அவர் அளந்து முடித்திருப்பார்!

எல்லாரையும் அவர் வீட்டுக்கு அனுப்பினார் என்று நினைக்காதீர்கள். அதிலும் என்னை வென்றார். ஓய்வுபெற்ற தபால்காரரை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன் என்று அவர் மகன் பிடிவாதம் பிடித்தார். மூன்று மாதம் நான் எடுத்துச் சொன்னேன், கடிதம் எழுதினேன், மருத்துவர் அறிக்கை காட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு! கைப்பிடியார் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, நீங்களும் உங்க சம்சாரமும் காலைல வேலைக்குப் போனா பொழுது சாஞ்சுதான் வர்றீங்க. ஆளில்லாத வீட்டுக்கு நான் எந்தக் கைப்பிடிய மாட்டுறது? அப்பா இங்கயே இருக்கட்டும்.” மகன் தலையாட்டிவிட்டார். ஒரே நிமிடம்!

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். நான்காம் அறையையும் அவர் காலி செய்தாரே!

நான்காம் அறை என் அலுவலகத்துக்கு எதிரே உள்ளது. 2017 ஆகஸ்ட் 5 முதல் அதில் இருந்தவர் என் உடன்பிறந்த அக்கா. இடுப்பெலும்பு முறிந்து வந்தார். தினமும் காலை ஆறரைக்கு நான் கதவைத் தட்டுவேன். “முழிச்சுத்தான் இருக்கேன்டா” என்பார். எனக்கென்று இருக்கும் ஒரே உறவு. அந்த அக்காவும் ஒருநாள் கைப்பிடியாரை அழைத்துவிட்டார்.

“இங்க என்னக்கா குறை?” என்று கேட்டேன்.

“ஒரு குறையும் இல்லடா. அதான் குறை. ஒரு கரண்டி கைதவறி விழுந்தாக்கூட மூணு பேரு ஓடி வர்றாங்க. என் வீட்டுல என் கரண்டிய நானே எடுத்துக்கறேன்.”

இவ்வாண்டு செப்டம்பர் 2 அன்று அக்கா போனார். அறை விடுவிப்புப் படிவத்தில் நான் கையெழுத்திடவில்லை. ஞாயிறுதோறும் போய், திரும்பி வரச்சொல்லி வற்புறுத்தினேன். துணி காயப்போடும் பின்முற்றத்துக்கு இறங்கும் மூன்று படிகளுக்கு மட்டும் கைப்பிடி பாக்கி இருந்தது. அதை முடிக்காமலேயே நம் கைப்பிடியார் மாரடைப்பால் மறைந்தார்.

செய்தி கேட்டதும் என் மனத்தில் முதலில் தோன்றியது என்ன தெரியுமா? ‘இனி அக்கா திரும்பி வந்துதான் ஆக வேண்டும்.’ அம்மையாரே, மகளே, என்னை மன்னியுங்கள்! நான்காம் அறைக்குப் புதிய விரிப்புப் போடச் சொல்லிவிட்டு, 7ஆம் தேதி வியாழன் காலை பத்து மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா பின்வாசலில் நின்றிருந்தார். ஈரத்துணி வாளி மேலே இருந்தது. கொடி கீழே இருந்தது.

“கோடு மட்டுந்தான் போட்டுட்டுப் போயிட்டாரு. கோட்டப் பிடிச்சு இறங்க முடியுமா?” என்றார்.

இடப்பக்கச் சுவரில் ஒரு பென்சில் கோடு, அருகே ‘அம்மா’. வலப்பக்கச் சுவரில் இன்னொரு கோடு, நான்கு விரல் உயரம் கூடுதலாக. அருகே ‘ஆபீஸ் ஐயா’.

ஆபீஸ் ஐயா நான்தான்.

“ஞாயித்துக்கெழம நீ வாளியத் தூக்கிக்கிட்டு ஏறும்போது முழங்கால்ல கைய ஊணி ஏறுறியாம். அவரு பாத்திருக்காரு. நீ அவரக் கிட்டயே விடமாட்டியே, எப்படிடா அளந்தாரு?”

எனக்குத் தெரிந்தது. அக்டோபர் 12, சனிக்கிழமை, காலை 11 மணி 20 நிமிடம். அலுவலக ஜன்னலை அளக்க வந்தார். “இந்த முனையக் கொஞ்சம் பிடிங்க ஐயா” என்றார். “போன வாரந்தானே அளந்தீங்க? வேலையில ஒரு ஒழுங்கு வேணாமா?” என்று கடிந்துகொண்டே பிடித்தேன். அவர் சிரித்தார். ஜன்னலுக்கு அவர் ஒன்றும் செய்யவில்லை.

யாருடைய அக்காவை அவர் கொண்டுபோனாரோ, அவனுடைய முழங்காலையும் கவனித்திருக்கிறார்! என் பேரேட்டில் எல்லாருடைய மருந்தும் இருக்கிறது, எடை இருக்கிறது, உறவினர் வந்த தேதி இருக்கிறது. ஒருவருடைய கை எந்த உயரத்தில் தொங்குகிறது என்று நான் பார்த்ததுண்டா? பொறாமை தீர்ந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். தீரவில்லை. முன்பு அவருக்குக் கிடைத்த அன்பின்மேல் பொறாமை. இப்போது அவருடைய கண்ணின்மேல் பொறாமை.

ஆகவே இந்த அவையில் உறுதி கூறுகிறேன். இனி இங்கு ஒருவர் சேர்ந்தால், முப்பது நாளுக்குள் கைப்பிடியாரின் மகள் அவருடைய வீட்டைப் போய்ப் பார்ப்பார். தந்தையிடம் தொழில் கற்றவர், இசைந்திருக்கிறார். வீட்டைச் சீராக்க முடியுமா, அங்கே துணைக்கு ஆள் உண்டா என்று அவர் சொல்வார். திரும்ப முடிந்தவர் திரும்பட்டும். முடியாதவர் இங்கே மதிப்போடு வாழட்டும். எங்கே வாழ்வது என்பதை அவரவரே சொல்லட்டும். முதல் வேலை, வரும் புதன்கிழமை, 20ஆம் தேதி, காலை ஒன்பது மணிக்கு, அக்காவின் பின்படியில். நாடாவின் மறுமுனையை நான் பிடிப்பேன்.

கைப்பிடியாரே, சென்று வாருங்கள்!

இவ்வுரையுடன் கூட்டப் பதிவேட்டில் சேர்க்க இணைத்திருப்பவை:

1. வீடு திரும்பிய பதினொருவர் பட்டியல், தேதி வாரியாக. பன்னிரண்டாவதாக அக்காவின் பெயர் இன்று சேர்க்கப்பட்டுள்ளது.

2. நான்காம் அறை விடுவிப்புப் படிவம். செப்டம்பர் 2 முதல் என் மேசை இழுப்பறையில் இருந்தது. இன்று பிற்பகல் 3 மணி 40 நிமிடத்துக்குக் கையொப்பமிட்டேன்.

3. பின்படி அளவுகள், மகளின் பார்வைக்கு. இடப்பக்கம், அக்கா: 79 செ.மீ. வலப்பக்கம், நான்: 86 செ.மீ. என் அளவை நானே மறுபடியும் எடுத்துச் சரிபார்த்தேன். அவர் போட்ட கோடு சரியாகவே இருக்கிறது.