மெளகா கொடவுன்ல தூளி

...அதான் சார் பேஜாரே! மெளகா கொடவுனுக்குள்ள ஜனம் குடியிருக்குதுன்னு எழுதிட்டுப் பூட்டாரே, ஒங்க வரி ஆபீஸ்லேந்து ஒங்களுக்கு முன்னாடி பாக்க வந்தவரு! நல்லா கண்ண தொறந்து பாருங்க. ஈ, காக்கா கீதா? ...தும்முறீங்களா? தும்முங்க, தும்முங்க. எம்மாம் கழுவினாலும் நெடி போவாது. கொடவுன்னா கொடவுன்தான்.

காலியா கெடக்குற கொடவுன வூடா மாத்துனா சொத்து வரி தள்ளுபடின்னு ஒங்க ஆபீஸ்லதான சொன்னாங்க? அது கெடைக்கலன்னா வரி கட்ட துட்டு ஏது? கன்டெய்னர் நிறுத்த எடம் கேட்டு ஒர்த்தன் சுத்திகினு கீறான், அவனுக்கு வித்துட வேண்டியதுதான். எங்க வூட்டுக்காரரு மூட்ட சொமந்து வாங்குன எடம் சார்.

சரி, அந்த மொத ஆபீசரு வர்றாரு, வெறும் செவுத்த காட்டுனா நம்புவாரா? இங்க மன்சன் வாழலாம்னு தெரிய வேணாம்? பின்னாடி சந்துல மழ பேஞ்சா முட்டிக்கால் தண்ணியில நிக்கிற நீலமேகத்தையும் அவன் பொண்டாட்டி கெங்கம்மாவையும் இட்டாந்தேன். ஒரே ஒரு நாளுக்கு! கொடி கட்டி துணி காயப் போட்டு, தூளி கட்டி, பிரியாணிய தம் போட்டு... மெளகா நெடியே அமுங்கிப் போச்சு! ரெண்டு தபா வாங்கி துன்னுட்டு, "இது ஏற்கெனவே வூடுதானம்மா, தள்ளுபடி இல்ல"ன்னுட்டாரு. துன்ன வாயாலயே!

அதுவா... பூன சார். அந்தப் பூன அப்டித்தான் கத்தும்.

...சரி, கொழந்ததான். ஒங்ககிட்ட இன்னா மறைக்கறது? அன்னிக்கு சாயந்தரமே கெளம்புங்கன்னு சொல்லியிருக்கணும். தூளியில தூங்கிகினு இருந்துச்சு, எழுப்ப மனசு வர்ல. மறுநா மழ. அதுக்கு மறுநா கெங்கம்மா எனக்கும் சேத்து ஒல வச்சுட்டா. எங்க வூட்டுக்காரரு மவுத்தானப்பறம் இந்த ஜஹானாராவுக்கு யாரு சார் சுடச்சுட சோறு போட்டா? நடிக்க வந்தவங்க சார், மெய்யாலுமே குடித்தனம் பண்றாங்க. அந்தாளு அன்னிக்கு எழுதுனது பொய்யி. இப்ப அதுவே நெசமாப் போச்சு.

இவங்கள தொரத்துனாத்தான் தள்ளுபடி. தொரத்தலன்னா கொடவுனே போயிடும், அப்பவும் இவங்க ரோட்டுக்குத்தான். நீங்களே ஒரு வழி சொல்லுங்க சார். இருங்க, ஒரு வா சாப்ட்டுகினே பேசுவோம். கெங்கம்மா, சாருக்கு தட்டு எடுத்தாந்து வையி... சார்? ...சார்?

பூட்டாரா? தெருமுன வரைக்கும் தும்மிகினே போறாரு. துன்னாம பூட்டாரு, இன்னா எழுதுவாரோ தெர்ல.

ஏய், இன்னாம்மா பண்ற? தூளிய எதுக்கு அவுக்குற? யாரு அவுக்க சொன்னது? கட்டு மொதல்ல! தரையில படுத்தா கொழந்தைக்கு நெடி ஏறும்.