காந்தத்தின் அடியில் நின்ற முதல் காசு

செங்கல்பட்டு, குற்றவியல் நடுவர் முன்பாக, 2001-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை முற்பகல், உறுதிமொழியின் பேரில் பதிவு செய்யப்பட்டது.

பெயர்: சின்னராசு. தகப்பனார் பெயர்: முத்துசாமி. வயது: 24. படிப்பு: எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. தொழில்: ஒரு ரூபாய் போன் பழுது பார்ப்பவர். முகவரி: நந்திவரம், கூடுவாஞ்சேரி.

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருக்கிறேன். கடைகளில் மாட்டியிருக்கும் ஒரு ரூபாய் போன்களை விற்றுப் பழுதும் பார்க்கும் தனியார் கம்பெனியில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். கூடுவாஞ்சேரியிலிருந்து மதுராந்தகம் வரையிலும், கிழக்கே மாமல்லபுரம் கடற்கரை வரையிலும் உள்ள போன்கள் என் பொறுப்பு. இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் சம்சாத் பேகம், இறந்துபோன பட்டாபிராமன், அவர் மனைவி காமு, மகன் ராஜாராம் ஆகிய யாரும் எனக்கு உறவோ பகையோ இல்லை. சம்சாத் பேகத்தைக் கடைக்காரர் கியாசுதீனின் மனைவி என்ற அளவில் தெரியும். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நானே மனுக் கொடுத்து வந்திருக்கிறேன்.

முதலில் கியாசுதீன் கடையில் இருக்கும் அந்தப் போனுக்குள் காசு எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். இதைக் காவல் நிலையத்தில் இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் எழுதாமல் விட்டார்கள்.

மேலே உள்ள துளையில் காசைப் போட்டால் அது நேராகப் பெட்டியில் விழுவதில்லை. ஒரு சாய்வான தகரப் பாதையில் உருண்டு போகும். பாதையில் மூன்று சோதனை இருக்கிறது. ஒரு சின்னத் தராசுக் கை எடை பார்க்கும், ஓர் இடுக்கு அகலம் பார்க்கும், அதன் பிறகு ஒரு காந்தம். இப்போது வரும் ஒரு ரூபாய் எஃகு என்பதால் காந்தம் அதை லேசாக இழுக்கும். நல்ல காசு கொஞ்சம் வேகம் குறைந்து தாண்டிப் போய்விடும். இரும்பு வாஷரைப் போட்டு ஏமாற்றினால் அது காந்தத்தில் ஒட்டி நின்றுவிடும். அப்போது வெளியே இருக்கும் பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு தகடு ஆடி அதைத் தட்டிக் கீழே தள்ளும். பாதை ஒரு காசு அகலம்தான். பின்னால் போட்ட காசு முன்னால் போட்டதைத் தாண்ட முடியாது. இந்த ஒரு வரியைக் கவனித்து எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரி மாதம் 10-ஆம் தேதி சனிக்கிழமை காலை, மாமல்லபுரத்தில் பெருமாள் கோயிலுக்குப் பின் தெருவில் இருக்கும் கியாசுதீன் கடைப் போனைத் திறந்து காட்ட வேண்டும், போலீஸ் கூப்பிடுகிறது என்று கம்பெனியில் சொன்னார்கள். நான் பைக்கில் போனேன். கடை முன்னால் கூட்டம் இருந்தது. அங்கே எனக்குச் சொல்லப்பட்டது என்னவென்றால், முந்தின நாள் வெள்ளிக்கிழமை மதியம் கியாசுதீன் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தபோது, கடையில் சம்சாத் பேகம் மட்டும் இருந்ததாகவும், கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பட்டாபிராமனுக்கு வீட்டில் நெஞ்சுவலி வந்து, அணுபுரத்தில் காரோடு இருக்கும் மகனுக்குப் போன் செய்ய அவர் மனைவி ஓடி வந்ததாகவும், போன் வேலை செய்யவில்லை என்றும், அடுத்த தெரு எஸ்.டி.டி. பூத் மதியத்தில் சாத்தியிருந்தது என்றும், அதன் பிறகு சம்சாத் பேகமே ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தும் திருக்கழுக்குன்றம் தாண்டுவதற்குள் அவர் இறந்துவிட்டார் என்றும் சொன்னார்கள். சம்சாத் பேகம் வேண்டுமென்றே சாவியால் போனைப் பூட்டினார், அல்லது காசைத் திணித்து அடைத்தார் என்பது ராஜாராமின் புகார்.

ஏன் அப்படிச் செய்யப் போகிறார் என்று நான் அங்கேயே கேட்டேன். பக்கத்து டீக்கடைக்காரர் ஒரு பழைய சண்டையைச் சொன்னார். பொங்கல் முடிந்த வாரம் போன் தன் காசை விழுங்கிவிட்டதாகப் பட்டாபிராமன் கடை வாசலில் நின்று சத்தம் போட்டாராம். அதற்கு சம்சாத் பேகம், "ஒத்த ரூவாவுக்கு தெருவையே கூட்டிட்டியே சாமி, இந்தா ரெண்டா எடுத்துக்கோ, பலூன் வாங்கிக்க" என்றாராம். தெரு சிரித்ததாம். இதுதான் காரணம் என்றார்கள். எனக்கு இது காரணமாகப் படவில்லை. அந்தக் கடைக்கு நான் போகும்போதெல்லாம் என்னையும் அந்த அம்மா இப்படித்தான் பேசுவார்.

போன் மீது முந்தின நாள் மாலை போலீஸ் ஒட்டிய தாள் முத்திரை கிழியாமல் இருந்தது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் முத்திரையைப் பிரித்தேன். பூட்டுச் சாவி திறந்த நிலையில் இருந்தது. போன் பூட்டப்படவில்லை. பெட்டியின் இடது பக்கம் புதிதாக நசுங்கியிருந்தது. யாரோ கையாலோ கல்லாலோ தட்டியிருக்கிறார்கள். அதன் பிறகு மேல் மூடியைக் கழற்றினேன். பாதையில் மூன்று ஒரு ரூபாய்க் காசுகள் வரிசையாக நின்றன. முதல் காசு காந்தத்துக்கு நேர் அடியில். இரண்டாவதும் மூன்றாவதும் அதன் முதுகில் முட்டிக்கொண்டு.

முதல் காசு மஞ்சளாக இருந்தது. இரண்டு பக்கமும் மஞ்சள் காய்ந்து பத்துப் போட்டது போல ஒட்டியிருந்தது. அதில் பிடித்திருந்த ஒரு மஞ்சள் துணி நூல், தட்டிவிடும் தகட்டின் கீலில் சுற்றியிருந்தது. அதனால்தான் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் தகடு ஆடவில்லை. பின்னால் இருந்த இரண்டும் சுத்தமான காசுகள். நான் இடுக்கியால் முதல் காசை எடுத்துத் தனித்தாளில் மடித்து மேலே 1 என்று எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு அந்தப் போனில் என் சட்டைப் பையிலிருந்த காசைப் போட்டேன். விழுந்தது. மணி அடித்தது. எடை, இடுக்கு, காந்தத்தின் தூரம் எல்லாவற்றையும் அளந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன.

அங்கே போலீஸ் எழுதிய பார்வை மகஜரில் "மூன்று நாணயங்கள் சிக்கியிருந்தன" என்று மட்டும் இருந்தது. வரிசையும் இல்லை, மஞ்சளும் இல்லை. எழுதச் சொன்னேன். அப்போது ராஜாராம் என்னைக் கடைக்குப் பக்கத்துச் சந்துக்கு அழைத்துப் போனார். முந்தின நாள் அப்பாவைத் தகனம் செய்துவிட்டு வந்தவர். அந்தக் காசு திருப்பதிக்கு முடிந்து வைத்த காசு என்று சொன்னார். புரட்டாசியில் அப்பாவுக்கு முதல் முறை நெஞ்சு வலித்தபோது, அம்மா மஞ்சள் துணியில் முடிந்து பூஜை அலமாரியில் வைத்தாராம். ஓடி வரும்போது கைக்கு அதுதான் கிடைத்திருக்க வேண்டும் என்றார்.

"மஞ்சள்னு எழுத வேண்டாம் சார். எங்கம்மா உசிரோட இருக்கணும்" என்றார்.

"அந்த அம்மாவ ஜீப்ல ஏத்தினு இருக்காங்க சார். நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டேன்.

பதிமூன்று நாள் காரியம் முடிந்ததும் தானே புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நான் அதற்கு மேல் வற்புறுத்தாமல் மகஜரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பதிமூன்று நாள் முடிந்தது. வாபஸ் வாங்கவில்லை. போன் செய்து கேட்டேன். "அம்மா இப்பதான் ரெண்டு வாய் சாப்பிடறா. சித்தெ பொறுங்கோ" என்றார். சம்சாத் பேகம் எதைச் சாப்பிடுகிறார் என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு நான் என் அறையில் சோதனை செய்தேன். ஐந்து காசுகளில் மஞ்சள் குழைத்துத் தடவி, துணியில் முடிந்து காயவைத்து, பிரித்து, கம்பெனியில் இருந்த அதே வகைப் போனில் போட்டேன். நான்கு காந்தத்தின் அடியில் நின்றன. ஒன்று எடை பார்க்கும் கையிலேயே நின்றது. அதே ஐந்தையும் வேட்டித் துணியால் நன்றாகத் துடைத்துப் போட்டேன். ஐந்தும் விழுந்தன.

நடுவர் அவர்கள் கேட்டதற்குச் சொல்கிறேன்: சம்சாத் பேகம் மஞ்சள் காசைப் பிறகு திணித்திருக்க முடியாது. அது முன்னால் இருந்தது. மேல் மூடியின் சாவி வேறு, அது கம்பெனியில் மட்டும் இருக்கிறது. "நான் என் கல்லாவிலிருந்து ரெண்டு காசு எடுத்துப் போட்டுப் பார்த்தேன், பெட்டியையும் தட்டிப் பார்த்தேன்" என்று அவர் வெள்ளிக்கிழமை மாலையே, போனை யாரும் திறப்பதற்கு முன்பே சொல்லியிருக்கிறார். பின்னால் இரண்டு காசுகள் இருந்தன. அடைக்க நினைத்தவர் அடைத்துக்கிடக்கும் போனில் தன் காசை இரண்டு முறை போட மாட்டார். பெட்டியையும் உடைக்கிற மாதிரி தட்ட மாட்டார்.

இன்று காலை நடந்ததையும் சொல்ல வேண்டும். ராஜாராம் அதைப் பற்றிப் புகார் செய்யப் போவதாகச் சொன்னதால் சொல்கிறேன்.

காவல் நீட்டிப்புக்காக சம்சாத் பேகத்தை அழைத்து வந்து இந்தக் கட்டடத் தாழ்வாரத்தில் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். பெண் காவலர் அனுமதித்ததால் அவரிடம் பேசினேன். மஞ்சள் காசைப் போட்டதை நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்ததாகச் சொன்னார். முடிச்சைப் பல்லால் அவிழ்த்துப் போட்டதைப் பார்த்தாராம். பின்னே ஏன் போலீசில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இன்னாபா பேசற நீ. பெருமாளுக்கு முடிஞ்ச துட்டால ஆச்சுன்னு நான் வாயத் தொறந்து சொல்ல முடியுமா? அதுவும் இந்தத் தெருவுல இருந்துகினு? எம் புருசன் நாளைக்கு அங்கதான கடை தெறக்கணும்" என்றார்.

நாங்கள் பேசியதை, சாட்சியாக அழைக்கப்பட்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த காமு கேட்டுவிட்டார் என்பது அவர் எழுந்து வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ராஜாராம் தடுத்தார். அவர் மகனின் கையை விலக்கிவிட்டு என்னிடம், "நீங்கதான் அந்தப் போனைத் திறந்தவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "என் காசு எங்க நின்னுது?" என்றார். சொன்னேன். மஞ்சளையும் நூலையும் சொன்னேன்.

"தொடச்சுட்டுப் போட்டிருந்தா?" என்று கேட்டார்.

ராஜாராம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம் என்று பிறகு என்னிடம் சொன்னார். எனக்குத் தெரியும். ஐந்து காசில் பார்த்திருக்கிறேன். "போயிருக்கும்மா" என்றேன்.

சம்சாத் பேகம் தரையிலிருந்து, "அத்த ஏன்பா சொன்ன" என்று என்னைத் திட்டினார். அதன் பிறகு காமுவிடம், "மாமி, உசிரு போற நேரத்துல யாரு துட்டத் தொடச்சினு நிப்பாங்க? நான் பக்கத்துலதான நின்னேன். எனக்கே தோணலயே" என்றார். காமு பெஞ்சுக்குத் திரும்பிப் போகவில்லை. சம்சாத் பேகத்துக்குப் பக்கத்தில், பெண் காவலர் காலை நகர்த்திக்கொண்ட இடத்தில் தரையில் உட்கார்ந்தார். மகன் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. புடவைத் தலைப்பின் நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு, அதன் மேல் வலது கட்டை விரலை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். என் பெயரைக் கூப்பிட்டு நான் உள்ளே வரும் வரையில் அவர் நிறுத்தவில்லை.

நான் சொன்னவை எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. ஓர் இடத்தில் "இயந்திரக் கோளாறால்" என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று கூறியதன் பேரில் அது அடித்து நீக்கப்பட்டது. மற்ற எல்லாம் நான் கண்ணால் பார்த்தவையும் கையால் சோதித்தவையும் காதால் கேட்டவையும் ஆகும்; அவை உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மு. சின்னராசு