பச்சையா நிக்கிற கெளுத்தி

இல்ல சார், அந்தப் பச்சைய மட்டும் பாராட்டிடாதீங்க. லேப மூடலாமா வேணாமான்னு சொல்ல வந்தவரு, சரியாத் தப்பான ஆளப் புடிச்சிட்டீங்க.

இந்தப் படத்துல எட்டுப் பட்டை தெரியுதா? இந்த மாடியில ஆளுக்கொரு மேசை, மேசைக்கொரு கம்ப்யூட்டர் மிஷின், அதுதான் எட்டு. எல்லாத்துக்கும் மீன் பேரு. பச்சையா நிக்கிறவன் கெளுத்தி.

நெசக் கார் இல்ல சார், எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள கணக்குல ஓடற கார். இந்த அட்லாண்டா ஊரு ரோடு மொத்தத்தையும் எட்டாக் கூறு போட்டுக் குடுத்திருக்கோம். ஒரு கார் இவன் கூறுலேர்ந்து அவன் கூறுக்குப் போனா, இவன் அவனுக்குத் தகவல் சொல்லணும். ஆனா எவனும் தகவலுக்குக் காத்திருக்க மாட்டான். எதுவும் வராதுன்னு நெனச்சுக்கிட்டு ஓட்டிக்கிட்டே போவான். அது பச்சை. அப்புறம் லேட்டா ஒரு கார் வந்து நிக்கும். உடனே செஞ்சதையெல்லாம் அழிச்சிட்டு, அந்தக் கார் வந்திருக்க வேண்டிய மணிக்குத் திரும்பிப் போய் மறுபடி ஓட்டுவான். ஏற்கெனவே சொன்னவங்களுக்கெல்லாம், நான் சொன்னத மறந்துடுங்கன்னு சொல்லி அனுப்புவான். அது சிவப்பு.

ஆமா, ஏழு பேரு சிவப்பு. ஏன்னா கெளுத்தி மெதுவாப் போறான், அவன் தகவல்லாம் லேட்டு. இந்தப் படம் வரையறதுக்கு முன்னாடி நாங்களும் சிவப்பா இருக்கிறவனத்தான் திட்டிக்கிட்டு இருந்தோம்.

காத்திருந்தா என்னன்னா கேக்கறீங்க? அது இதவிட மெதுவு சார். பத்து வருசமா இதுலயே கெடந்து எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கிச்சு. எம் பொண்டாட்டி லொரெய்ன் சொல்லுவா, அவ தும்முறதுக்கு முன்னாடியே ஆண்டவன் காப்பாத்தட்டும்னு சொல்லிடறேனாம். தும்மலன்னா வாபஸ் வாங்கிக்கிறேன், அவ்வளவுதானே?

என்னது? மூடலையா? முடிவே பண்ணிட்டீங்களா? நான் இருந்து நடத்தணும்னு வேற எழுதியிருக்கீங்களா?

ரொம்ப சந்தோசம் சார். இல்ல, உக்காந்துக்கறேன்.

கெளுத்தி ஏன் மெதுவுன்னு நீங்க கேக்கல பாருங்க. அது என் மிஷின். காலையிலேர்ந்து என் பைலையெல்லாம் டேப்புல ஏத்திக்கிட்டு இருக்கு, எடுத்துட்டுப் போக. எப்படியும் மூடிடுவீங்கன்னு நெனச்சு நாக்ஸ்வில் ஊர்ல வேற வேலைக்கு ஒத்துக்கிட்டேன். எங்க புரொபசர் ஹாஸ்கல்கிட்ட ராஜினாமாவும் குடுத்தாச்சு. அது போகட்டும், அதையெல்லாம் மறந்துடுங்கன்னு சொல்லிக்கலாம்.

லொரெய்ன் ஸ்கூல் வேலைய விட்டுட்டா. வீட்டக் காலி பண்ணி, வாடகை லாரியில சாமானெல்லாம் ஏத்திக்கிட்டு விடியக்காலையே கெளம்பிட்டா. இந்நேரம் பாதி வழிக்கு மேல, சாட்டனூகா தாண்டியிருப்பா. லாரியில ஏது சார் போனு?

கெளம்பறப்ப கேட்டா, அவங்க முடிவு சொன்னப்புறம் போனா என்னன்னு. காத்திருந்தா மெதுவும்மான்னு சொன்னேன்.