ரெண்டாவது கார்டு

— சுவரு வச்சாச்சு, இனிப் பேச்சில்ல! ஆன்றோ, அவன் ஒயரு என் ஒயரைத் தொடக்கூடாது, கேட்டியா?

— நல்லாருக்கே ஞாயம்! நான் சொல்லவேண்டியத அவுக சொல்றாக. ஆன்றோ, எங்க அண்ணன்கிட்டச் சொல்லு, தொடவேணாம்னு மொதல்ல சொன்னவன் இந்த இராமுதான்னு.

— எதுக்க எதுக்கத்தானே நிக்கிறீக, நேராவே பேசிக்கிறலாம்ல?

— என் ரூமுக்குத் தங்க வந்த வெள்ளைக்காரங்கள அவன் பக்கம் கூட்டிக்கிட்டுப் போனான் பாரு, அன்னைக்கே வைரவனுக்குத் தம்பி இல்லேன்னு ஆச்சு. நீ இந்தச் சர்வர்ப் பெட்டியையும் ரெண்டாப் பிரிச்சுத் தா.

— இது என்ன வீடா பெரியவரே, வளவு முத்தத்துல சுவரு வச்சுப் பிரிக்க? உங்களப் பெத்த அப்பச்சி வாங்கின ஒத்தைப் பெட்டி. ரெண்டு பேரு கேமராவும், ரூம் புக்கிங்கும் இதுக்குள்ளதான். இப்ப எல்லாம் ஒரே கார்டு வழியா ஓடுது, அதான் இன்னொரு நெட்வொர்க் கார்டு கொண்டாந்திருக்கேன். ஒரு கார்டுல உங்க பக்கம், இன்னொண்ணுல சின்னவரு பக்கம்.

— பெட்டி ஒண்ணுதானே? உள்ளுக்குள்ள சேந்துக்கிட்டா?

— சேராது சின்னவரே. இங்குட்டு உள்ளத அங்குட்டு கடத்தச் சொல்லி நான் அமைச்சாத்தான் கடத்தும்.

— அமைக்காத. அவன் பக்கத்து ஈ கூட என் பக்கம் வரப்புடாது, கேட்டியா?

— அவுக பக்கத்துக் கொசுவும்தான். ஈயாம்! நல்லாருக்கு ஞாயம்.

— சரி, வழி விடுங்க. மாட்டிட்டுக் கெளம்புறேன்.

— அப்படிப் போயிற முடியாது. ஒண்ணும் கடக்காதுன்னு உங்க மாதா மேல சத்தியம் பண்ணு.

— ஆமா, பண்ணட்டும். இது ஒண்ணுலதான் அவுக பேச்சு சரி.

— மாதாவ எதுக்கு இழுக்குறீக...

— முழிக்கிறான் பாருடா. என்னமோ செஞ்சிருக்கான்.

— எனக்கும் அப்படித்தாண்ணே படுது.

— பொய்ச் சத்தியம் எனக்கு ஆகாதுங்க. பெரியவரே, உங்க தம்பி மக கிருஷ்ணப்ரியா காலையில பள்ளிக்கூடம் கெளம்புறது அவுக பக்கத்துக் கேமரா வழியா உங்க போன்ல தெரியணும், தம்பிக்குத் தெரியக்கூடாதுன்னு நேத்துச் சொன்னீக. சின்னவரே, நெஞ்சுல ஆப்பரேசன் பண்ணின அண்ணன் மாடிப்படி ஏறுறாகளான்னு நீங்க பாக்கணும், அவுகளுக்குத் தெரியக்கூடாதுன்னு இன்னைக்குக் காலையில நீங்க சொன்னீக. ரெண்டையும் செஞ்சு குடுத்தா ரெண்டு பக்கமும் மறுபடி ஒண்ணாயிரும், பழைய ஒத்தைக் கார்டு இத்தனை நாளாப் பாத்த அதே வேலைதான்; இப்பச் சொல்லுங்க, இந்தக் கார்ட மாட்டவா, திருப்பிக் கொண்டுபோகவா?