சார்லமேனின் பெண்மக்கள்

அந்தக் கதிரையில் இருக்க வேண்டாம், சுவாமி. அதன் ஒரு கால் ஆடும். இதில், ஹீற்றருக்குப் பக்கத்தில் இருங்கள். மகள் றோஸ்மலர் மேலே இருக்கிறாள், இறங்கி வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நீங்கள் ஒரு விஷயம் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். அதற்கு முன் என் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டுவிடுங்கள். மனைவியின் அடக்கத்துக்கு முதல் நாள் செய்தது, அதன் பிறகு செய்யவில்லை.

நான் சார்லமேனின் சரித்திரம் எழுதுகிறேன் என்பது இந்தக் குட்மேய்ஸ் ஊர் முழுக்கத் தெரிந்த பகிடிதான். யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவன் லண்டனில் பெற்றோல் ஸ்டேசனில் நின்றால், மண்டைக்குள்ளாவது ஒரு பேரரசு வேண்டியிருக்கிறது. பிராங்கியரின் அந்த அரசன் பாதி ஐரோப்பாவை ஆண்டவன். சாப்பிடும்போது யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்பானாம். எனக்குக் கண்பார்வை மங்கியதிலிருந்து என் மகள்தான் வாசிக்கிறாள். கவுன்சில் வேலை முடிந்து வந்து, சமைத்து, மேசையில் லைப்ரரிப் புத்தகத்தை விரித்து இங்கிலீசில் வாசிப்பாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல எழுதுவாள். தாய் போனபின் எங்கள் பின்னேரங்கள் எல்லாம் இப்படித்தான்.

சார்லமேன் தன் பெண்மக்களில் உயிரையே வைத்திருந்தான். அவர்கள் இல்லாமல் சாப்பிட உட்காரமாட்டான். ஒருத்தியையும் அவன் கட்டிக் கொடுக்கவில்லை. பிரிந்திருக்க முடியாது என்று காரணம் சொன்னான். இந்த இங்கிலாந்தின் ஓர் அரசன் தன் மகனுக்குப் பெண் கேட்டு அனுப்பியபோது, வந்த கோபத்தில் ஆங்கில வியாபாரிகளுக்குத் துறைமுகங்களையே மூடினானாம். அவன் கண்மூடியதும் பட்டத்துக்கு வந்த மகன் சகோதரிகளை அரண்மனையிலிருந்து கன்னியர் மடங்களுக்கு அனுப்பிவிட்டான்.

போன மாரியில் இதை வாசித்துவிட்டு றோஸ்மலர் நிறுத்தினாள்.

"அந்தப் பிள்ளையள் ஒண்டும் கேக்கேல்லையே, அப்பா?"

"எழுதி வைச்சவன் அதை எழுதேல்லை."

"எழுதாட்டிக் கேக்கேல்லையெண்டு அர்த்தமோ?"

அவள் பக்கத்தைப் புரட்டி மேலே வாசித்தாள். நான் போனபின் இவளை ஒரு மடத்துக்கு அனுப்பிவைக்கக் கூட ஆளில்லை என்று அன்று நினைத்தேன்.

மனைவி போனபின், எண்பத்தேழில் வெம்பிளியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை என்ஜினியர், குடியில்லை, ஞாயிறு பூசை தவறாதவர். குறை சொல்ல ஒன்றும் இல்லாததுதான் எனக்குப் பெரிய கரைச்சலாகப் போயிற்று. மாப்பிள்ளையின் தாய் இசபெல் போனில் விசாரித்தா. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"ஒளிச்சுச் செய்ய எனக்கு மனம் வரேல்லை, அக்கா. பிள்ளைக்குச் சின்னனிலையிருந்து வலிப்பு வாறது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"மாஸ்ரர், உங்களைப் போல ஒரு நேர்மையான மனிசனை நான் காணேல்லை," என்று இசபெல் அழுதா.

ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்ற செய்தி எங்கள் சனத்துக்குள் எப்படிப் பறக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு ஒரு சம்பந்தமும் வரவில்லை. நான் வேறு பொய் சொல்ல வேண்டியும் வரவில்லை. என் மகளுக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்லை, சுவாமி. தடிமன் காய்ச்சல் கூட அவளுக்கு லேசில் வராது.

தொண்ணூறில் ஒரு கலியாண வீட்டு மண்டபத்தில் சரியான புழுக்கம். தலை சுற்றுகிறதென்று றோஸ்மலர் கதிரையில் சாய்ந்தாள். நாலைந்து பெண்கள் பாய்ந்து வந்தார்கள். ஒருத்தி கைப்பைக்குள்ளிருந்து வீட்டுக் கதவுத் திறப்புக் கோர்வையை எடுத்து, அவளுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி அழுத்திப் பிடித்தாள். வலிப்புக்கு இரும்பு கொடுப்பது எங்கள் வழக்கம்தானே. என் பிள்ளை அந்தத் திறப்புகளைப் பார்த்தாள், பிறகு சுற்றி நின்றவர்களின் முகங்களைப் பார்த்தாள். நான் சாப்பாட்டுக் கோப்பையோடு சுவர் ஓரம் நின்றேன்.

"ஆரப்பா எனக்கு வலிப்பெண்டு சொன்னது?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"எரிச்சல் பிடிச்ச சனம், பிள்ளை. விடு."

என் தோளில் சாய்ந்து அழுதாள். அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதுகைத் தடவிக்கொடுத்தேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அடுத்த நாள் பின்னேரம் அவள் வழக்கம்போல வாசித்தாள், நானும் வழக்கம்போலக் கேட்டேன்.

இப்போது றெஜினோல்ட். அவளோடு வேலை செய்கிற மன்னார்ப் பிள்ளை. அவருடைய பெயரைச் சொல்லும்போது றோஸ்மலரின் குரல் மாறுவது எனக்குத் தெரிகிறது. அதற்குக் கண்பார்வை தேவையில்லை. அவருடைய தமக்கை பெர்னடெற்தான் வலிப்புக் கதையைக் கேட்டுத் தயங்குகிறாவாம். "சுவாமி விசாரிச்சுப் பொய்யெண்டு சொன்னால் நாளைக்கே பொம்பிளை கேட்டு வாறம்" என்று அவ உங்களை அனுப்பியது என் காதிலும் விழுந்தது. மகளுக்கும் தெரியும். அதுதான் மேலே சேலை உடுத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் அவள் சேலை உடுப்பதில்லை. நீங்கள் அவளையே கேட்கலாம், இல்லையென்றுதான் சொல்வாள். வலிப்புக்காரி வேறென்ன சொல்லுவாள் என்று பெர்னடெற் நினைப்பா.

நீங்கள் என்னைக் கேட்டிருந்தால், ஒரு குருவானவருக்கு முன்னால் பொய் சொல்ல எனக்கு நா எழும்பியிராது. உண்மையைச் சொன்னால் இந்த மேசையில் நான் தனியே இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை நீங்கள் ஒருவருக்கும் சொல்ல முடியாது, சாடையாகக் காட்டவும் முடியாது. பாவமன்னிப்புத் தரமாட்டீர்கள் என்பது நீங்கள் மூச்சு விடுவதிலேயே தெரிகிறது. கேட்க எனக்கும் வெட்கமாக இருக்கிறது. பெர்னடெற் கேட்டால் நீங்கள் பேசாமல்தான் இருக்க வேண்டும். விசாரிக்கப் போன சுவாமி பேசாமல் திரும்பினால் எங்கள் சனம் அதை எப்படி விளங்கிக்கொள்ளும் என்று நம் இருவருக்கும் தெரியும்.

ஆனால் ஒன்று, சுவாமி. இந்த முறை நான் ஒருவருக்கும் ஒரு பொய்யும் சொல்லவில்லை.