தமிழ்ப் பெயர் வந்தால் நிற்கும் கட்டளை

அம்பிட்டிய பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் கணினி வேலை செய்யும் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள்.

"தமிழ் எழுத்திலை பேர் வந்தா கட்டளை அந்த இடத்திலையே நிண்டிடுது, மச்சான்," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

"கம்பியூட்டர்லயும் ஆமி செக்பொயின்ட் வச்சிட்டாங்களா?" மலையகத்துக்காரர் சிரித்தார். "வெளிய ஓட்டிப் பார்த்தியா?"

"ஓம், வெளியிலை ஒழுங்கா ஓடுது. புரோகிராம் எழுதுற எடிட்டருக்குள்ளை, கட்டளை அடிக்கிற ஷெல்லிலை மட்டும்தான் பிழை விடுது."

"அந்த ஷெல்லுக்குத் தமிழ் எழுத்து செட்டிங் போயிருக்காது. பிழைன்னு காட்டலையா?"

"கட்டளைகளைக் கோத்தெல்லோ ஓட்டுறன். நடுவிலை ஒண்டு உடைஞ்சாலும், கடைசிக் கட்டளை முடிஞ்சா எல்லாம் சரி எண்டுதான் காட்டும்."

"ஒவ்வொண்ணா தனியா ஓட்டிப் பாருடா."

"இண்டைக்குத்தான் பாத்தன். டவுனிலை குண்டு வெடிச்ச அண்டைக்கு, பிள்ளையளைக் கூட்டிப்போங்கோ எண்டு அம்பிட்டிய பள்ளிக்கூடம் அனுப்பச்சொன்ன மெசேஜும் இந்த ஷெல்லுக்குள்ளாலைதான் போனது."

மற்றவரின் சிரிப்பு நின்றது. "அப்போ தமிழ்ல பேர் கொடுத்தவங்களுக்குப் போயிருக்காதே. பள்ளிக்கூடத்துக்குச் சொன்னியா?"

"எப்பிடியடா சொல்லுறது?"

அன்று என் மகள் இருட்டும்வரை அந்தப் பள்ளிக்கூட வாசலில் தனியே நின்றாள். படிவத்தில் என் பெயரைத் தமிழில்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். மெசேஜ் வந்திருக்கும், நான்தான் பார்க்காமல் அழித்திருப்பேன் என்று கணவர் இன்றுவரை சொல்கிறார். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன்.