வலது முன்சக்கரத்துத் துருவை யாரும் தொடாதிருக்க வேண்டி

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. அச்சகத்தில் புத்தகம் தைத்து அட்டை கட்டும் வேலை. தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்ச் சந்தில் கடைசி வீடு. பத்தாவது வரை படித்திருப்பதால் என் கைப்படவே எழுதித் தருகிறேன் என்று நிலைய எழுத்தரிடம் கேட்டு எழுதுகிறேன். முதலில் ஒன்று. நான் இடுப்பில் மனைவியின் பூப்போட்ட துண்டைச் சுற்றிக்கொண்டு காவல் நிலையத்துக்கு வந்தது யாரையும் அவமதிக்க அல்ல. வேன் சக்கரத்துப் போல்ட்டோடு மல்லுக்கட்டியதில் கால்சட்டை பின்பக்கம் தையலோடு போய்விட்டது. மாற்றிக்கொள்ள உங்கள் காவலர் விடவில்லை.

என் மேல் புகார் கொடுத்திருப்பவர் எங்கள் தெருமுனைப் பட்டறை மெக்கானிக். எஞ்சினில் காதை வைத்தே கோளாறு சொல்வதால் எல்லோரும் அவரை டாக்டர் என்பார்கள். நான் அவரைக் காலைப் பிடித்துத் தரையில் இழுத்தேன் என்பது புகார். இழுத்தேன். முழங்கையும் தாடையும் சிராய்த்ததும் உண்மை.

என் மகள் ஒரு பழைய வேன் வைத்து, விடுதிகளில் துணி எடுத்து வெளுத்துக் கொடுக்கிறாள். பிரேக் கீச்சென்று கத்துகிறது என்று வேனை டாக்டரிடம் விட்டாள். முன்சக்கரம் இரண்டிலும் பழைய பிரேக் கட்டையைக் கழற்றிப் புதிது போட்டுவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் ஒரு மாதத்துக்குள் பாலத்துச் சரிவில் வண்டி நிற்காமல் போய் ஒரு சைக்கிள்காரரை இடித்தது. அவர் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார். மகள் மேல் அஜாக்கிரதையாக ஓட்டியதாக வழக்கு. டாக்டர் உங்களிடம், பிரேக் புதுசு, பெண் பிள்ளை வேகமாக வந்திருப்பாள் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதிலிருந்து மகள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. நேற்றுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம், "அப்பா, நான் பிரேக்க மிதிச்சேனா, மிதிச்சதா நெனச்சுக்கிட்டேனா, எனக்கே இப்பத் தெரியல" என்றாள்.

இன்று காலை, நீங்கள் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த வேனை இடது முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் கட்டையை மாற்ற வேண்டுமென்றால் அதன் உட்பக்கத்து இரண்டு போல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அந்த இரண்டும் துருவும் சேறுமாக, தலை எது தகடு எது என்று தெரியாமல் ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தன. ஸ்பேனர் அதன் மேல் உட்காரவே இல்லை. வருடக்கணக்கில் ஒருவனும் அதைத் தொட்டதில்லை என்பது குழந்தைக்கும் புரியும். எனக்குத் தலைக்குள் கொதித்தது. உள்ளே இருப்பது பழைய கட்டைதான் என்று பார்த்தே தீர வேண்டும் என்று கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினேன். அதன்பின் எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். அதன்பின் சுத்தியலால் தட்டி, காஸ் பர்னரால் சூடு காட்டி, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி, அந்த டாக்டரின் கழுத்து என்று நினைத்து இழுத்தேன். போல்ட்டுக்கு முன்னால் கால்சட்டை விட்டுக்கொடுத்தது. கடைசியில் இரண்டும் கழன்றன. கட்டை இரும்பு வரை தேய்ந்திருந்தது.

மனைவி வந்து போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, "வீட்டுல ஒரு பாத்திரம் தேய்ச்சது கிடையாது. இத மட்டும் கண்ணாடி மாதிரி தேய்ச்சு வச்சிருக்கீங்க" என்றாள். நானும் மடையன் மாதிரி சிரித்தேன்.

அதன்பின் ஃபோன் போட்டு டாக்டரை வரச் சொன்னேன். வந்தார். குனிந்து பார்த்தார்.

"அண்ணே, கட்டை தேயாம என்ன பண்ணும்? பாப்பா கால பிரேக்குலயே வச்சு ஓட்டியிருக்கும்."

"இந்த போல்ட்டு எத்தனை வருஷமாத் தொடாத போல்ட்டு தெரியுமா?"

"எது, இதுவா? நான் கழட்டி மாட்டுனதுதான் பளிச்சுன்னு தெரியுதே. நீங்களே சாட்சி சொல்லுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் அதைக் கழற்றவே இல்லை என்பதற்கு இருந்த அடையாளத்தை அரைநாள் உட்கார்ந்து, வியர்வை சிந்தி, நானே தேய்த்துத் தள்ளியிருக்கிறேன். புத்தகம் தைப்பவன் புத்தகத்தோடு நின்றிருக்க வேண்டும்.

நான் விடவில்லை. "வலது பக்கம் இன்னும் நான் தொடலய்யா. அந்தத் துரு அப்படியே இருக்கு. ஸ்டேஷன்ல இருந்து ஆள் வந்து பாக்கட்டும்" என்றேன். அவர் முகம் மாறியது. "அதுக்கு எதுக்கு ஸ்டேஷன், நானே பாத்துச் சொல்றேன்" என்றபடி என் கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, தூக்கி வைத்திருந்த இடது பக்கமாகவே வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். வலது போல்ட்டுகளும் உட்பக்கம்தான் இருக்கின்றன, அடியில் போனால் சக்கரத்தைக் கழற்றாமலே கை எட்டும். பிரஷ் உரசும் சத்தம் கேட்டது. காலைப் பிடித்து இழுத்துப் போட்டேன். அடிக்கவில்லை, மிதிக்கவில்லை. பிரஷ்ஷைப் பிடுங்கி வீட்டு ஓட்டுக் கூரை மேல் எறிந்தேன், இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

வலது பக்கம் ஒரு போல்ட்டில் கொஞ்சம் உரசல் விழுந்திருக்கிறது. மற்றது முழுசாக இருக்கிறது. விவரம் தெரிந்த ஓர் ஆளை அனுப்பி, கழற்றுவதற்கு முன்னால் படம் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மனைவி அந்தச் சக்கரத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் தாண்டி யாரும் போக முடியாது, கல்யாணமான நாளிலிருந்து நானே போனதில்லை. என் மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள். அந்தப் போல்ட்டைப் பார்த்துவிட்டு, என் மகள் பிரேக்கை மிதித்தாள் என்று அவளிடம் யாராவது ஓர் அதிகாரி வாய்விட்டுச் சொன்னால் போதும்.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். நடந்தது இதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். குறைத்தது ஒன்று உண்டு. ஏன் இழுத்தாய் என்று எழுத்தர் கேட்டபோது, துருவைக் காப்பாற்ற என்று சொன்னேன். அவர் அடியில் நுழைந்ததும் என் கை முதலில் போய் நின்றது அவர் காலில் அல்ல, வண்டியைத் தாங்கிக்கொண்டிருந்த ஜாக்கியின் திருகில். அதைத் திருகினால் வண்டி அவர் மேல் இறங்கிவிடும். இந்தக் கையிடமிருந்து காப்பாற்றத்தான் அவரை இழுத்தேன். இதை நான் யாரிடமும் வாயால் சொல்லவில்லை.

(கையெழுத்து)